பால்வெளியின் 'தம்' உடைந்தது எப்படி?

மேல்விஷாரத்துக் கல்யாண வீடுகளில் பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேக்சாவை மூடி, மேலே தணல் கொட்டுவார்கள். உள்ளே அழுத்தம் ஏறியதும், எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே ஆவி சீறும். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கூடிய கேலக்ஸிகளிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

நட்சத்திரங்கள் கூட்டமாகப் பிறக்கும் இடத்தில், எடை மிகுந்தவை சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துவிடும். அடுத்தடுத்த வெடிப்புகளில் சுற்றியுள்ள வாயு பல லட்சம் டிகிரி, சில இடங்களில் கோடிக்கணக்கான டிகிரி வரை கொதிக்கும். கேலக்ஸி தோசைபோலத் தட்டையானது. அதனால் பக்கவாட்டில் வழி கிடைக்காத வாயு, மேலும் கீழுமாகப் பீறிடும்.

1.2 கோடி ஒளி ஆண்டு தொலைவில் உள்ள எம்82 கேலக்ஸி இதற்குப் பிரபலமான உதாரணம். ஆனால், இந்தக் கொதி வாயு எக்ஸ்-ரேயில்தான் ஒளிரும். பூமியின் காற்று அதைத் தடுத்துவிடும். நம் ஜவ்வாது மலையின் காவலூர் தொலைநோக்கியாலும் அதைப் பார்க்க முடியாது. 1999-ல் விண்ணுக்குச் சென்ற 'சந்திரா' தொலைநோக்கி அதைப் படம் பிடித்தது. நோபல் பரிசு பெற்ற நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு!

பார்த்தால் மட்டும் போதுமா? கணக்குப் போட வேண்டாமா? 1985-ல் செவாலியே, கிளெக் என்ற இருவர் எளிய மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். வெடிப்புகள் தரும் ஆற்றல் எவ்வளவு, சூடாகும் வாயு எவ்வளவு என்று சொன்னால், காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் அது சொல்லிவிடும். வேகம் நொடிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டும்!

நம் பால்வெளியிலும் ஒரு புதிர் உண்டு. அதன் மையத்துக்கு மேலும் கீழும் தலா 25,000 ஒளி ஆண்டு உயரத்துக்கு இரண்டு குமிழிகள் இருப்பது 2010-ல் தெரியவந்தது. ஊதியது யார்? மையத்தில் உள்ள கருந்துளை என்கிறார்கள் சிலர். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம், இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2015-ல் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, ஆண்டுக்குச் சூரியனில் பாதி எடை அளவுக்கு நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்தாலே இந்தக் குமிழிகள் உருவாகிவிடும் என்றார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதில் நமக்கென்ன? வாயுதான் நட்சத்திரங்களின் மூலப்பொருள். அது வெளியேறினால் புதிய நட்சத்திரங்கள் பிறப்பது குறையும். குளிர்ந்து திரும்பி விழுந்தால் மீண்டும் பிறக்கும். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும், ரத்தத்தில் ஓடும் இரும்பும் நட்சத்திரங்களில் உருவானவையே. அவற்றில் ஒரு பங்கு, இப்படி வெளியே வீசப்பட்டுத் திரும்பி வந்ததாகவும் இருக்கலாம்.