நாம் கேட்க வேண்டியது புகை அல்ல



போன மழைக்காலத்தில் நாங்கள் ஒரு மனு எழுதினோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு காலனி. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால், அங்கே கொசு ஒழிப்பு வேலைக்குப் போகிற இரண்டு அக்காக்களைத்தான் முதலில் கூப்பிட்டு மிரட்டுவார்கள். அந்தக் காலனியில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தார்கள். புகை மருந்து அடிக்க வந்தவர் ஊர்த்தெரு முழுக்க அடித்தார், மாரியம்மன் கோயில் முனையோடு திரும்பிவிட்டார். கேட்டதற்கு மருந்து தீர்ந்துபோச்சு என்றார்.

எங்களுக்குக் கோபம். உட்கார்ந்து எழுதினோம்: 'ஊருக்கு அடித்ததுபோல் காலனிக்கும் புகை அடிக்க வேண்டும்.' வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்துப் புகை வந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். நாங்கள் செல்போனில் படம் பிடித்து, போராட்டம் வென்றது என்று போட்டோம்.

அடுத்த வாரமும் காய்ச்சல் வந்தது.

அந்த இரண்டு அக்காக்களில் ஒருவர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "தம்பி, புகை பறக்குற கொசுவைத்தான் கொல்லும். உங்க வூட்டு டிரம்முல நெளியுதே, அதை என்ன பண்ணும்?" என்றார். எங்கள் தோழர் ஒருவர் வீட்டு நீல டிரம்மின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். குடிக்கிற தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிவு. அதில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் துள்ளிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரத் தோழருக்கு முகம் செத்துவிட்டது. மேடையில் டெங்கு பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர் அவர்.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடைக் கொசு அல்ல. அதற்குத் தெளிந்த, தேங்கிய தண்ணீர் வேண்டும். டிரம், சிமெண்ட் தொட்டி, வாசலில் கிடக்கும் உரல், கொட்டாங்குச்சி, பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, எல்லாமே அதற்கு வீடுதான். பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை போய்விடாது. காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பிறகு நிரப்பி மூட வேண்டும். புகை இதில் எதையும் செய்யாது. நோய் பரவிவிட்ட இடத்தில் பறக்கும் கொசுவை உடனடியாகக் குறைக்க அதற்கு ஒரு பயன் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தெரு ஓரத்தில் கோலப்பொடி மாதிரி போடுகிறார்களே பிளீச்சிங் பவுடர், அது கொசு மருந்தே அல்ல. அமைச்சர் வருகிற தெருவில் அது கூடுதலாக விழும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஏன் இவ்வளவு விளக்கம் என்றால், டெங்குவுக்கென்று தனி மருந்து கிடையாது. காய்ச்சலைக் குறைத்து, உடம்பில் நீர் குறையாமல் பார்த்து, ஆபத்தான அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் மருத்துவத்தின் கையில் இருக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் 66 பேரும் 2017-ல் 65 பேரும் டெங்குவில் செத்தார்கள் என்பது அரசுக் கணக்கு. 2017-ல் மட்டும் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. அந்த ஆண்டு அரசு மருத்துவமனைகளில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது எண்ணிக்கை அல்ல. படுக்கை நிரம்பிய பிறகு டாக்டரைத் திட்டிப் பயனில்லை. மருத்துவமனைக்கு வருகிற கூட்டத்தைக் குறைக்கிற வேலை மருத்துவமனைக்கு வெளியே, டிரம்முக்குள் டார்ச் அடிக்கிற அந்த அக்காவின் கையில் நடக்கிறது.

சரி, காலனி ஏன் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறது?

கொசுவுக்குச் சாதி தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தண்ணீர்க் குழாய்க்குத் தெரியும். மேல்நிலைத் தொட்டி ஊர்ப்பக்கம் நிற்கிறது. காலனிக்கு வருவது கடைசிக் குழாய். நாங்கள் சொல்கிற இடத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை, சில சமயம் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள். அதுவும் கழனிக்குக் கிளம்புகிற நேரத்தில். தினமும் தண்ணீர் வருகிற வீட்டுக்கு நான்கு டிரம் எதற்கு? வராத வீட்டில் நான்கும் போதாது. கஷ்டப்பட்டுப் பிடித்த தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவு என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்ல எங்களுக்கே வாய் வரவில்லை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதற்குப் பிறகு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே நமக்கு ஒரு பயமாகிவிட்டது. அதனாலும் வீட்டுக்குள் பிடித்து வைக்கிறோம்.

இந்த இடத்தில்தான் சட்டம் வருகிறது. 1939-ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதல் சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேங்கவிட்டால் நோட்டீஸ் கொடுக்கலாம், அபராதம் போடலாம். தேவையான சட்டம்தான். பெரிய கட்டடக்காரர்களையும் டயர் குடோன்களையும் வேறு எப்படி வழிக்குக் கொண்டுவருவது? ஆனால் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுவிட்டு, பிடித்து வைத்ததற்கு நோட்டீஸ் கொடுப்பது என்ன நியாயம்? தண்ணீர் விடாதவருக்கு நோட்டீஸ் கொடுக்க யார் போவது?

அந்த அக்காக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காகிதத்தில் அவர்கள் 'டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்', ஊரில் 'மருந்து ஊத்துற பொம்பளை'. ஒரே காலனியில் பிறந்தவர்கள். நாள் கூலி. வேலை மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும். கூலி வர மாதங்கள் ஆகும். கூலி பாக்கிக்காக இந்தப் பணியாளர்கள் கலெக்டர் அலுவலக வாசலில் உட்காருவது பல மாவட்டங்களில் நாம் பார்த்த காட்சி. தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்தை அளக்க ஒரு பழைய டம்ளர், கையில் உறை கிடையாது. புகையில் கலக்கும் மருந்துகளில் ஒன்றான மாலத்தியானை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சேர்த்தது. அதை முகத்தில் ஒரு கைக்குட்டையோடு அடிக்கிறார்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். ஊர்த்தெருவில் சில வீடுகளில் வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். "தோட்டத்துப் பக்கமா சுத்தி வா" என்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தொட விடுவதில்லை. மருந்தை வாங்கி நாங்களே ஊற்றிக்கொள்கிறோம் என்கிறார்கள். ஊற்றுகிறார்களா என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கொசு சில நூறு மீட்டர் பறக்கும். காலனிக்கு வர அது போதும். தீண்டாமை நோயைப் பரப்புகிறது என்று நாம் உவமையாகச் சொல்வோமே, இங்கே அது உவமையே அல்ல.

கோயில் முனையில் திரும்பிய புகை என்று மேலே சொன்னோம். அம்மையும் காய்ச்சலும் வந்தால் கும்பிடுகிற தெய்வம் மாரியம்மன். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போலீஸ் காவலோடு. இது சும்மா நினைவுக்கு வந்தது.

கொரோனா காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020-ல் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பலர் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கத் திருப்பிவிடப்பட்டார்கள். இருக்கிற ஆட்களை இங்கிருந்து எடுத்து அங்கே போடுவதுதான் வழக்கம், கூடுதல் ஆள் எடுப்பதில்லை. அதே மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைக் குழந்தைகளோடு ரோட்டில் உட்காரவைத்துக் கிருமிநாசினி பீய்ச்சினார்கள். அந்த வீடியோவைப் பார்த்தபோது எங்களுக்குத் தோன்றியது ஒன்றுதான்: பூச்சியை ஒழிக்கச் சொன்னால், இந்த நாடு யாரைப் பூச்சி என்று நினைக்கிறது? மனிதர்கள் மேல் மருந்து தெளிப்பது கேடு என்று மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதற்குள் எத்தனை ஊரில் தெளித்தாயிற்று.

இது புதிதும் அல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது வெள்ளை அரசு 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டது. வீடு புகுந்தார்கள், ஆட்களைப் பிரித்தார்கள், துணிமணியைக் கொளுத்தினார்கள். எலியையும் தெள்ளுப்பூச்சியையும் யாரும் பார்க்கவில்லை. புனே அருகில் மகன் யஷ்வந்தோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் சாவித்ரிபாய் பூலே. முந்த்வாவின் மகர் குடியிருப்பிலிருந்து நோய் கண்ட ஒரு சிறுவனைத் தன் முதுகில் சுமந்து வந்தார். சிறுவன் பிழைத்தான். அவர் 1897 மார்ச் 10 அன்று பிளேக்கில் இறந்தார். எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் கண்டுபிடித்தது அடுத்த ஆண்டு, 1898-ல். சாவித்ரிபாய்க்குக் கிடைக்காத அந்த அறிவு நமக்குக் கிடைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் படத்துக்கு ஜனவரி 3 அன்று மாலை போடுகிற நாம் இதையும் பேச வேண்டும்.

எலி என்றதும் இன்னொரு காய்ச்சல். நம் வட மாவட்டங்களில் மழைக்குப் பின் வருகிற உண்ணிக் காய்ச்சல், டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். எலிகளை அண்டிப் புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. யாரைக் கடிக்கும்? களை எடுப்பவரை, புல் அறுப்பவரை, நூறு நாள் வேலையில் வாய்க்கால் செதுக்குபவரை, கழிப்பறை இல்லாமல் புதருக்குப் போகிறவரை. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், எல்லோருக்கும் இருக்காது. பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில். நம் பெண்கள் அதை டாக்டரிடம் காட்டமாட்டார்கள், டாக்டரும் கேட்கமாட்டார். நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை போதும். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் போகும். முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசிவழி ஏற்றுவது மேல் என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல் என்றால், 'டெங்கு இல்லை' என்ற சீட்டோடு திரும்பிவிடாதீர்கள், உண்ணிக் காய்ச்சலா என்று நீங்களே கேளுங்கள்.

எலியைக் குறைக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வளையில் புகைச்சட்டியை வைத்து வாயால் ஊதி எலி பிடிக்கும் இருளர்கள். நெல் காக்கிற அந்த வேலைக்குக் கூலி அற்பம், நெஞ்சுக்குள் போவது புகை, கிடைக்கிற பெயர் வசவு. பூச்சி ஒழிப்பு இந்த மண்ணில் என்றைக்குமே சாதி பார்த்துக் கொடுக்கப்பட்ட வேலை.

கார்த்திகை தீபம் வேறு இதே மழையில் வருகிறது. லட்சக்கணக்கில் கூட்டம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் கூட்டிப் பெருக்க வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவருவது வழக்கம். தீபம் முடிந்த மறுநாள் பாதை பளிச்சென்று இருக்கும், பத்திரிகைகள் பாராட்டும். அந்த நாட்களில் அவர்கள் விட்டுவந்த ஊரின் வாய்க்காலை யார் பார்த்தார்கள் என்று ஒரு வரியும் வராது. 2025 ஆகஸ்ட்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை வாசலில், வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று பதின்மூன்று நாள் உட்கார்ந்த பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்களே, அவர்கள் கேட்டதும் இதோடு சேர்ந்ததுதான். பருவத்துக்கு வந்து போகிற ஆளால் கொசுவை ஒழிக்க முடியாது. எந்த வீட்டில் எந்தத் தொட்டி என்று வருஷம் முழுக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

இந்த வருஷத்து மனுவை அந்த இரண்டு அக்காக்களோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். கடைசிக் குழாய்க்கு ஒருநாள் விட்டு ஒருநாளாவது தண்ணீர், அதுவும் சொன்ன நேரத்தில். மேல்நிலைத் தொட்டியை எந்தத் தேதியில் கழுவினார்கள் என்று தொட்டியிலேயே எழுதி வைக்க வேண்டும். காலனி வாய்க்காலுக்கு ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கணக்கு. பணியாளர்களுக்குக் கையுறை, முகக்கவசம், பாக்கிக் கூலி, வருஷம் முழுக்க வேலை. எந்த வீடும் அவர்களை வாசலில் நிறுத்தக் கூடாது என்று ஊராட்சித் தீர்மானம். இந்தக் கடைசி வரியைச் சேர்க்க வேண்டாம், வம்பு வரும் என்று அக்கா சொன்னார். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் அவரே போன் பண்ணி, இருக்கட்டும் தம்பி என்றார்.

கிராம சபை அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் கூடுகிறது, மழைக்கு முன்னால் ஒன்று, மழைக்குள் ஒன்று. முதல் கூட்டத்திலேயே மனுவை வாசித்து, பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்கப் போகிறோம். அதற்கு முந்தைய ஞாயிறு காலனியில் எல்லா வீட்டு டிரம்மையும் தேய்த்துக் கழுவுகிறோம், எங்கள் தோழர் வீட்டு நீல டிரம்மிலிருந்து ஆரம்பித்து. வருகிறவர்கள் ஒரு தேங்காய் நார் எடுத்து வாருங்கள்.