முதியோர் தாங்கி நிற்கும் மலையூர்

ஜப்பான் என்றதும் டோக்கியோவின் வானுயர்ந்த கட்டடங்களும் அதிவேக இரயில்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அந்நாட்டின் உட்பகுதி மலையூர்கள் ஓசையின்றி வெறுமையாகி வருகின்றன. 2024ம் ஆண்டில் அங்கு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை, முதன்முறையாக 7 இலட்சத்திற்கும் கீழே சென்றது. மக்களில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் 65 வயதைக் கடந்தவர்கள். 2040ம் ஆண்டிற்குள் 896 ஊர்களும் நகரங்களும் மறைந்துபோகும் நிலையை எட்டக்கூடும் என்று, ஹிரோயா மசுதா தலைமையிலான குழு 2014ம் ஆண்டிலேயே எச்சரித்தது. மறைந்துபோகும் என்று பிறர் முடிவுகட்டும் ஓர் ஊரில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறிய, கமிகட்சு என்ற சிற்றூரைப் பற்றி சிந்திப்போம்.

ஷிக்கோக்கு தீவில், டோக்குஷிமா மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே அமைந்துள்ளது கமிகட்சு. நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு. மலைச்சரிவுகளில் ஆங்காங்கே சிதறிக்கிடக்கும் குடியிருப்புகள், படிப்படியான நெல்வயல்கள். 1950களில் 6,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த இவ்வூரில் இன்று இருப்போர் 1,400க்கும் குறைவு. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இலைகள் தந்த வேலை

இவ்வூர் மக்களுக்கு மரமும், மிக்கான் என்ற ஆரஞ்சுப் பழமுமே வாழ்வாதாரமாக இருந்தன. 1981ம் ஆண்டு தாக்கிய கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் கருகிப்போயின. அப்போது அங்கு வேளாண் கூட்டுறவு அமைப்பில் பணியாற்றிய டோமோஜி யோகோயிஷி என்ற இளைஞர், ஒருநாள் ஒசாகா நகர உணவகத்தில், தட்டில் அழகுக்காக வைக்கப்பட்ட மேப்பிள் இலையை ஓர் இளம்பெண் வியந்து எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தார். தம் ஊர் மலைகளில் கேட்பாரற்றுக் கிடப்பவை இந்த இலைகள்தானே என்று எண்ணினார்.

இலைகளைப் பொறுக்கி விற்பதா என்று ஊரில் பலரும் முகம் சுளித்தனர். 1986ம் ஆண்டு நான்கே குடும்பங்களுடன் வேலை தொடங்கியது. எந்த உணவுக்கு எந்த இலை, என்ன அளவில், எந்தப் பருவத்தில் தேவை என்பதை அறிய, யோகோயிஷி தம் சொந்தச் செலவில் உயர்தர உணவகங்களுக்குச் சென்று கற்றுவந்தார். இன்று 300க்கும் மேற்பட்ட இலை, பூ, கிளை வகைகள் இங்கிருந்து சந்தைக்குச் செல்கின்றன. 70, 80 வயது பாட்டிமார் கணினியிலும் கைக்கணினியிலும் தேவைப்பட்டியலைப் பார்த்து, தோட்டத்திற்குச் சென்று இலை பறித்து, பெட்டியில் அடுக்கி அனுப்புகின்றனர். இலை எடை குறைவானது, குனிந்து சுமக்கவேண்டியதில்லை. வயதான கைகளால் இயன்ற வேலை இது. வருமானத்தைவிட பெரிய பயன் ஒன்று இதில் உண்டு. பேசி நாள்கழித்த முதியோருக்கு, காலையில் எழுந்ததும் யாரோ தங்களுக்காகக் காத்திருக்கின்றனர் என்ற உணர்வு கிடைத்தது.

குப்பை வண்டி இல்லாத ஊர்

கமிகட்சுவை உலகம் அறிந்தது அதன் குப்பையால்தான். முன்பு இங்கு குப்பையைத் திறந்தவெளியில் எரித்தார்கள். பின்னர் அமைத்த சிறு எரியுலைகளும், டையாக்சின் என்ற நச்சைக் கட்டுப்படுத்தும் சட்டத்தால் மூடப்பட்டன. புதிய எரியுலை கட்ட பணமில்லை. எரிக்க முடியாதெனில் பிரிப்பதே வழி என்று ஊர் தீர்மானித்தது. 2003ம் ஆண்டு, ஜப்பானிலேயே முதலாவதாக, குப்பையற்ற ஊராவோம் என்று அறிவித்தது.

இவ்வூரில் குப்பை வண்டி வீட்டுவாசலுக்கு வராது. சமையல் கழிவை அவரவர் வீட்டிலேயே உரமாக்கவேண்டும். மற்றவற்றைக் கழுவி, உலர்த்தி, மையத்திற்குக் கொண்டுவந்து 40க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போடவேண்டும். அப்பொருள் எங்கே போகிறது, அதனால் ஊருக்கு எவ்வளவு வரவு அல்லது செலவு என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதிவைத்துள்ளனர். தனக்கு வேண்டாத நல்ல பொருளை ஒருவர் அங்கு வைத்துவிட்டுப் போகலாம். வேண்டியவர் இலவசமாக எடுத்துச்செல்லலாம். மையத்திற்கு வர இயலாத முதியோரின் வீடுகளுக்கு ஊர் நிர்வாகமே சென்று எடுத்துவருகிறது. ஜப்பானின் மறுசுழற்சி அளவு ஏறக்குறைய 20 விழுக்காடாக இருக்க, இவ்வூர் 80 விழுக்காட்டை எட்டியுள்ளது.

மீதி 20 விழுக்காடு

எனினும், 2020ம் ஆண்டுக்குள் குப்பையே இல்லாத நிலையை அடைவோம் என்ற இலக்கு நிறைவேறவில்லை. அணையாடைகள், தோலும் இரப்பரும் ஒட்டிய காலணிகள், பிரிக்கவே முடியாதபடி பல பொருள்களைக் கலந்து செய்த சாமான்கள் ஆகியவை எஞ்சி நிற்கின்றன. இதில் ஊராரின் குறை என்ன? 80 வயது மூதாட்டி தன் பங்கைச் செய்துவிட்டார். அப்பொருளைத் தயாரித்து விற்ற நிறுவனம் தன் பங்கைச் செய்ததா என்பதே கேள்வி. பயன்படுத்துவோரின் பொறுப்பைப் பற்றி மட்டும் பேசி, தயாரிப்போரின் பொறுப்பை மறந்துவிடுவது நீதியாகாது.

மற்றோர் உண்மையையும் நாம் மறைக்கலாகாது. பார்வையாளர்கள் வந்தனர், இளைஞர் சிலர் குடியேறினர். ஆனாலும் மக்கள்தொகை குறைந்துகொண்டேதான் இருக்கிறது. இலை பறிக்கும் கைகளும், குப்பை பிரிக்கும் கைகளும் ஆண்டுதோறும் மூப்படைகின்றன. ஓர் ஊரின் நல்ல எண்ணம் மட்டும் ஒரு நாட்டின் போக்கை மாற்றிவிடாது.

அப்படியென்றால், கமிகட்சு தோற்றுவிட்டதா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டு மட்டும் ஓர் ஊரை அளப்பது சரியல்ல. எஞ்சியிருப்பவர் ஒவ்வொருவரும் அந்த ஊருக்குத் தேவைப்படுகிறாரா என்பதும் ஓர் அளவுகோல். கமிகட்சு தன் முதியோரைச் சுமையாக எண்ணி ஒதுக்கவில்லை. அவர்களிடம் வேலையைக் கேட்டது, பொறுப்பைக் கேட்டது. அவர்களும் தந்தார்கள்.

நம் வீட்டு முதியோரிடம் நாம் கடைசியாக உதவி கேட்டது எப்போது? நாம் தூக்கியெறியும் பொருள் எங்கே போகிறது, யார் கையால் பிரிக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியுமா? சிந்திப்போம்.