நடப்புச் செய்தி நடக்கும் இடம்

குடிமைப் பணிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் நெல்லைச் சீமை இளைஞர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேதவாக்காக வழங்கி வருகிறது. தேசிய நடப்புகள் என்பவை டில்லியில் பிறந்து, டில்லியிலேயே தொகுக்கப்பட்டு, மாதந்தோறும் சஞ்சிகை உருவில் தெற்கே வந்து சேர்பவை. அவற்றை வரி விடாமல் மனனம் செய்வதே தேர்ச்சிக்கு வழி. ஜில்லாச் செய்திப் பக்கத்தைப் படிப்பதும் ஊர் விவகாரங்களை விசாரிப்பதும் பொழுதுபோக்கு. வசதி உள்ளவன் டில்லிக்கே போய்விட வேண்டும், இல்லாதவன் அங்கிருந்து வரும் ‘மெட்டீரிய’லையாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாராம்சம். இதைச் சொல்பவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். பயிற்சி நிலைய ஆசிரியர்களும், பரீட்சை எழுதிக் கைசுட்டுக்கொண்ட மூத்தவர்களும் நல்லெண்ணத்தோடேயே சொல்கிறார்கள். ஆகவே அதை ஒரே வீச்சில் தள்ளிவிடாமல், அதனுள் அடங்கிய வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஆராய்வதே முறையாகும்.

முதலாவது வாதம், தேசத்தின் பெருங்காரியங்கள் தலைநகரில்தான் நடைபெறுகின்றன என்பது. நாடாளுமன்றமும் மந்திரிசபையும் உச்ச நீதிமன்றமும் டில்லியில் இருப்பது உண்மை. ஆனால் அங்கே கையெழுத்தாகும் தீர்மானம் எந்த மண்ணில் இறங்கிக் காரியமாகிறதோ, அந்த மண்ணை அறியாதவனுக்குத் தீர்மானத்தின் காரணமே விளங்குவதில்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூரை அடுத்த குலசேகரப்பட்டினத்தில் அமையவிருக்கும் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். தொகுப்பு நூலில் இதற்குக் கிடைப்பது இடம், தேதி, சிறிய ராக்கெட்டுகளுக்கானது என்ற குறிப்பு, அவ்வளவே. அந்த இடம் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்ற வினாவுக்கு விடை தேசப்படத்தில் இருக்கிறது. துருவப் பாதையில் செயற்கைக்கோளைச் செலுத்தும் ராக்கெட் தெற்கு நோக்கிப் பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அவ்வாறு புறப்பட்டால் இலங்கை குறுக்கிடுவதால், அத்தீவின் மேல் பறக்காமல் ஒதுங்கிச் சென்று, பின்னர் பாதையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தத் திருப்பத்துக்குச் செலவாகும் எரிபொருள் பெரிய ராக்கெட்டுக்குத் தாங்கக்கூடிய நஷ்டம், எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டுக்கோ, சுமந்து செல்லும் எடையையே வெகுவாகக் குறைத்துவிடும் நஷ்டம். இலங்கைக்கு மேற்கே அமைந்த குலசேகரப்பட்டினத்துக்கு நேர் தெற்கில் இருப்பதெல்லாம் சமுத்திரமே. இந்த ஒரு காரணத்தை உணர்ந்த மாணவன், 2023-இல் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கையையும், அடிக்கல் நாட்டிய அதே மாதத்தில் விண்வெளித் துறைக்குரிய அந்நிய முதலீட்டு விதிகள் தளர்த்தப்பட்டதையும் உதிரிச் செய்திகளாகப் படிக்க மாட்டான். சிறு செயற்கைக்கோள் வியாபாரத்தில் தனியாரையும் இறக்குவதற்குத் தேசம் செய்யும் ஆயத்தங்களாகவே காண்பான்.

இன்னும் தெற்கே போனால், கூடங்குளம். 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் தொடங்கி, சோவியத் யூனியன் மறைந்த பின்னும் ரஷ்யாவின் துணையோடு எழுந்த, ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறனுடைய உலைகள். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்று நிர்ணயிக்க நாடாளுமன்றம் 2010-இல் இயற்றிய சட்டம். 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் இடிந்தகரையில் மூண்ட போராட்டம். உலையை அனுமதித்து, கூடவே 15 கட்டளைகளையும் விதித்த 2013 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வெளியுறவு, எரிசக்தி, சுற்றுச்சூழல், குடிமக்களின் உரிமை என்று பாடத்திட்டம் நான்கு இடங்களில் பிரித்து வைத்திருப்பதை, ராதாபுரம் தாலுகாவின் ஒரு கடற்கரை ஒருசேர வைத்துக் காட்டுகிறது.

இரண்டாவது வாதம், பண்பாடு, தொல்பொருள் என்னும் பகுதியில் பரீட்சைக்கு வருவன சிந்துவெளியும் கங்கைச் சமவெளியுமே, தென்கோடிக் களங்கள் வட்டாரப் பெருமைக்கு உரியவை என்பது. இந்த வாதத்தை மத்திய சர்க்காரே மறுத்திருக்கிறது. 2020 பிப்ரவரி முதல் தேதி வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையில், அருங்காட்சியகத்தோடு கூடிய சிறப்புக் களங்களாக மேம்படுத்தப் பெயர் சொல்லப்பட்டவை ஐந்து: ராகிகடி, ஹஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிரா, ஆதிச்சநல்லூர். ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, தாமிரபரணியின் தென்கரைப் பரம்பில், 1876-இலேயே ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, பின்னர் அலெக்ஸாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலக் கலங்களையும் முதுமக்கள் தாழிகளையும் வெளிக்கொணர்ந்த களம் அது. வடகரைப் பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே சிவகளை மாதிரிகளை முக்கிய ஆதாரமாகக் கொண்டு, தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது என்னும் அறிக்கையைத் தமிழக அரசு 2025 ஜனவரி 23-இல் வெளியிட்டது. இதைக் கேட்டுப் பூரிப்பதோடு நின்றால் வட்டாரப் பெருமைதான். கரித்துண்டைக் கொண்டு காலம் கணிப்பது எப்படி, ஒரு களத்தின் சில மாதிரிகளிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு செய்யலாம், மத்திய தொல்லியல் துறையின் அதிகாரம் எங்கே முடிந்து மாநிலத் துறையின் பணி எங்கே தொடங்குகிறது என்று கேட்கத் தொடங்கினால், அது தேசிய வரலாற்று விவாதம் ஆகிவிடுகிறது.

மூன்றாவது வாதமே மற்றவற்றுக்கெல்லாம் ஆணிவேர்: நல்ல தொகுப்பு நூல் ஒன்று போதும், அதில் இல்லாதது முக்கியமில்லாதது. தொகுப்பவர் எதைத் தெரிந்தெடுக்கிறார் என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பெயரும் எண்ணும் உடையவை பட்டியலில் எளிதாக ஏறிவிடும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த புயலுக்கு ‘மிக்ஜாம்’ என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சூட்டிய நாடு எது என்பது உட்பட மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அதே மாதம் 17, 18 தேதிகளில் நம் ஜில்லாக்களில் கொட்டித் தீர்த்த மழைக்குக் காரணம் வெறும் மேலடுக்குச் சுழற்சி. அதற்கு எவரும் நாமகரணம் செய்யவில்லை. ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 சென்டிமீட்டர், அதாவது அந்தப் பிரதேசத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையையும் விஞ்சிய அளவு. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. நெல்லைக் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஆறு புகுந்தது.

இந்த வெள்ளத்தைத் தொகுப்பு நூலின் துணையின்றி, ஆற்றின் போக்கை மட்டும் பின்பற்றிப் படித்துப் பார்க்கலாம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய அணைகள் மலையடிவாரத்தில் இருக்கின்றன. அவை மலைமேல் பெய்யும் மழையைத்தான் தடுத்து வைக்க வல்லவை. அவற்றுக்குக் கீழே சமவெளியில் பெய்யும் மழையும், சீவலப்பேரியில் வந்து சேரும் சிற்றாற்று வெள்ளமும் இந்த அணைகளின் கட்டுப்பாட்டில் இல்லை. கீழே இருக்கும் மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் நீரைத் தேக்கும் அணைகள் அல்ல. வாய்க்கால்களில் திருப்பிவிடும் அணைக்கட்டுகள். வாய்க்கால்கள் போய்ச் சேரும் குளங்கள் நிரம்பி உடைந்தால், ஆற்று வெள்ளத்தோடு குளத்து வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு மேல் எழுந்த தகராறுகள் யாவும் தேசிய அளவிலானவை. வானிலைத் துறை உரிய காலத்தில் சிவப்பு எச்சரிக்கை கொடுத்ததா என்று மாநிலமும் மத்தியும் எதிரெதிராகப் பேசின. இதைத் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு, அப்படி அறிவிக்கும் ஏற்பாடே இல்லை என்பது மத்திய நிதி அமைச்சரின் பதிலாயிற்று. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்தியின் பங்கு 75 சதவீதம் என்பதும், அது போதாதபோது தேசிய நிதியை நாட வேண்டும் என்பதும் அப்போதுதான் பொருளுடைய விவரங்களாயின. மெயின்ஸ் தேர்வில் பேரிடர் மேலாண்மை பற்றி 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை ஒப்பிப்பவனுடைய விடையையும், அந்தச் சட்டம் ஸ்ரீவைகுண்டத்தில் எங்கே பயன்பட்டது, எங்கே கையைப் பிசைந்து நின்றது என்று அறிந்தவனுடைய விடையையும் அருகருகே வைத்தால், திருத்துபவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகாது.

நான்காவது வாதம் சற்று நுட்பமானது. உள்ளூர் விவகாரத்தில் இறங்கினால் உணர்ச்சி வசப்பட்டுவிடுவோம், அதிகாரியாக வேண்டியவனுக்கு நடுநிலை அவசியம் என்கிறார்கள். அண்மையில் இருப்பதைக் குறித்து நடுநிலையோடு சிந்திக்க இயலாதவன், தூரத்தில் இருப்பதைக் குறித்துக் காட்டுவது நடுநிலை ஆகுமா, வெறும் அசட்டை ஆகுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். மாஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, தேயிலைத் தோட்டமான மலைநிலம் அது. தோட்டத் தொழிலாளருக்குக் கூலி உயர்வு கேட்டு நெல்லையில் ஊர்வலம் வந்தவர்கள் மீது 1999 ஜூலை 23-இல் போலீஸ் தடியடி நடத்த, தாமிரபரணி ஆற்றில் இறங்கியோரில் 17 பேர் மாண்டனர். குத்தகை 2028-இல் முடிவதை முன்னிட்டுக் கம்பெனி வெளியேற முற்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தொழிலாளர்களின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. நிலமோ களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பழங்குடியினர் அல்லாதார் வன உரிமை கோர வேண்டுமானால், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 1929-க்குப் பின் மலையேறியவர்களுக்கு அந்தக் கணக்கு மயிரிழையில் நிற்கிறது. அன்றியும், தேயிலைக் கூலி வேலை காட்டை நம்பிய ஜீவனம் ஆகுமா என்பது வேறொரு பெரிய வினா. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற வேண்டுகோளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. புலிக்கும் நியாயம் உண்டு, தொழிலாளிக்கும் நியாயம் உண்டு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தையே 2013 முதல் அறவியல் தாள் ஒன்றை வைத்துத் தேர்வாணையம் சோதித்து வருகிறது. கற்பனையாகத் தரப்படும் பிரச்சினைகளில் பயிற்சி பெறுபவன், கண்ணெதிரே இருக்கும் பிரச்சினையை விலக்குவானேன்?

கடைசி வாதம், எப்படியும் டில்லிக்குப் போனவர்களே தேறுகிறார்கள் என்பது. இதில் ஓரளவு மெய் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சகமாணவர்களோடு நாள் முழுதும் வாதம் புரியும் சூழலும், எழுதிய விடையைத் திருத்தித் தரும் ஆசிரியர்களும் அங்கே மிகுதி. மெயின்ஸ் தேர்வைத் தமிழில் எழுத வழி இருந்தும், தமிழில் தரமான நூல்கள் குறைவு. ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் கொண்ட நிதிக்கொள்கைக் குழு வட்டி விகிதத்தை எப்படி முடிவு செய்கிறது என்பதும், வடகிழக்கு எல்லைப் பிரச்சினைகளும், ஐ.நா. சபை விவகாரங்களும் தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து தாமாக விளங்குபவை அல்ல. அவற்றுக்குத் தொகுப்பு நூலும் வேண்டும், ஆங்கிலப் பத்திரிகையும் வேண்டும். முதல்நிலைத் தேர்வின் முதல் தாளிலுள்ள நூறு கேள்விகளுக்கு மனனமும் ஓரளவு வேண்டும். நான் மறுப்பது டில்லிப் பயணத்தையோ தொகுப்பு நூலையோ அன்று. அவற்றுக்குப் போகுமுன் சொந்த ஜில்லாவை மறந்துவிட வேண்டும் என்ற உபதேசத்தையே மறுக்கிறேன். ஒரு பிரதேசத்தில் சட்டமும் பணமும் இயற்கையும் மனிதரும் எப்படிப் பின்னிக் கிடக்கிறார்கள் என்று ஒருமுறை தீர்க்கமாகக் கற்றவனுக்கு, அஸ்ஸாமின் வெள்ளத்தையும் ஜைதாபூரின் அணு உலைத் தகராறையும் எப்படி அணுக வேண்டும் என்பது தானே கைவந்துவிடும். மேலும், நேர்முகத் தேர்வில் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர்கள், சொந்த ஊரைப் பற்றி விசாரிப்பது சகஜம். அங்கே 275 மதிப்பெண்கள் இருக்கின்றன.

முடிவாக, இந்தப் பரீட்சை எந்த உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆட்சிப் பணிக்குத் தேறியவனுக்குத் தொடக்கத்திலேயே கிடைப்பது ஒரு ஜில்லாவில் பயிற்சி. அதன் பின் சேரன்மகாதேவியைப் போன்ற ஒரு கோட்டத்தில் சப்-கலெக்டர் பதவி. டில்லியில் இயற்றப்பட்ட சட்டங்களையே புரட்டிப் பாருங்கள். பேரிடர்ச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். வன உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குழுவுக்குத் தலைமை தாங்குபவரும் அவரே. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் இழப்பீட்டை நிர்ணயிப்பவரும் அவரே. இத்தகைய தலைநகரத்துச் சட்டம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிரிவில் காரியத்தை ஜில்லாவின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. ஜில்லாவை ஒதுக்கிவிட்டுத் தேசிய நடப்பைப் படிப்பவன், நாளை தான் பொறுப்பேற்க வேண்டிய அந்தப் பிரிவை விட்டுவிட்டு மீதியை மனப்பாடம் செய்கிறான்.