நீங்க போயிட்டா எவ்வளவு வரும்?

2007 டிசம்பரில் மச்சினன் ஒரு ஃபாரத்தோடு வந்தான். "மூணே வருஷம் கட்டுங்க அத்தான், அப்புறம் தானா வளரும். சென்செக்ஸ் இருபதாயிரம்!"

மேலே இன்ஷூரன்ஸ் என்று போட்டிருந்தது. உள்ளே ஷேர் மார்க்கெட். பெயர் யூலிப். வருஷத்துக்கு ஒரு லட்சம். காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 8,500 பக்கம் வந்து நின்றது. முதல் வருஷச் செலவு என்று கம்பெனி ஏற்கெனவே இருபதாயிரம் கழித்திருந்தது. மிச்சம் பாதியானது.

ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த மனைவி, தம்பியைத் திட்டவில்லை. "அது கிடக்கட்டும். நாளைக்கே நீங்க போயிட்டா எனக்கு எவ்வளவு வரும்?"

பார்த்தேன். ஐந்து லட்சம். வீட்டுக் கடன் பாக்கி எட்டு லட்சம்!

பெரிய இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி.யில் ஒரு சின்னப் பிரிவு, யார் யாரோ வாங்கிய வீட்டுக் கடன்களுக்கெல்லாம் ஜாமீன் நின்றது. திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் எடுத்து வைக்கப் பணம் இல்லை. 2008 செப்டம்பர் 16-ல் அரசாங்கம் 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து, கிட்டத்தட்ட 80 சதவிகிதப் பங்கை வாங்கிக்கொண்டது. பிறகு ஆசியக் கிளை உட்பட பலவற்றை விற்றுத்தான் கடனை அடைத்தார்கள்.

நம்மூர் கம்பெனிகள் தாமாகத் திருந்தின என்று நினைக்காதீர்கள். 2010 ஏப்ரலில், 14 கம்பெனிகள் யூலிப் விற்கக்கூடாது என்றது செபி. 'இது என் ஏரியா' என்றது ஐ.ஆர்.டி.ஏ. ஜூனில் அவசரச் சட்டம் வந்து சண்டையை விலக்கியது. செப்டம்பர் 1 முதல் புது விதி: ஐந்து வருஷம் பணத்தைத் தொட முடியாது, கட்டணங்களுக்கு உச்சவரம்பு, 45 வயதுக்குள் இருந்தால் வருஷப் பிரீமியத்தைப் போல் பத்து மடங்காவது காப்பீடு.

கமிஷன் இளைத்தது. மச்சினன் ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விட்டான். கம்பெனிகள், 'நிச்சய வருமானம்' என்று பழைய ரக பாலிசிகளைத் தூசி தட்டி எடுத்தன. ஏஜென்ட் இல்லாமல் இன்டர்நெட்டிலேயே டெர்ம் பாலிசியும் விற்க ஆரம்பித்தன. ஆள் போனால் முழுத்தொகை, இருந்தால் காலணா கிடையாது.

முப்பது லட்சத்துக்கு நானும் ஒன்று எடுத்தேன். "கட்டற பணம் ஒரு பைசா திரும்பி வராது, பரவாயில்லையா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வராமலே இருக்கட்டும்" என்றாள்.