உருப்பெருக்கம் மட்டும் போதுமா?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்களுடன் வேடந்தாங்கல் சென்றிருந்தேன். ஒரு மாணவி, தன் தந்தை வாங்கித் தந்த சிறிய பைனாகுலரை ஆவலுடன் கொண்டு வந்திருந்தாள். அதன்மேல் 30×60 என்று பொறித்திருந்தது. கால் மணி நேரம் பார்த்துவிட்டு, “என் கண்ணில்தான் ஏதோ கோளாறு, ஸார்” என்று அதைக் கீழே வைத்துவிட்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் மங்கலான ஓர் ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை! பிறகு அதன் முன்வில்லையை அளந்தோம். விட்டம் 22 மி.மீ.தான். குறை கண்ணில் இல்லை, கருவியில் இருந்தது.

சிறிய பைனாகுலர் வாங்குவோர் உருப்பெருக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

8×25 என்றால், உருப்பெருக்கம் 8 மடங்கு. பொருளருகு வில்லையின் விட்டம் 25 மி.மீ. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 3.1 மி.மீ. வரும். கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் இதுதான். 10×25 கருவியில் இது 2.5 மி.மீ. நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும், இருளில், இளைஞர்களுக்கு 7 மி.மீ. வரை விரியும். ஆகவே பகலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒளிதரும். மாலையிலோ 8×25 கருவியின் பிம்பம் ஒன்றரை மடங்கு பொலிவாகத் தோன்றும். ஒளிக்கற்றை அகலமாக இருந்தால், கண் சற்று விலகினாலும் காட்சி மறையாது. கை நடுக்கமும் 10 மடங்குக்குப் பதில் 8 மடங்கே பெருகும். தாங்கியில் பொருத்திப் பார்த்தால் 10 மடங்கில் நுணுக்கம் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் பறக்கும் பறவையைத் தாங்கியில் வைத்தா பார்க்கிறோம்?

அடுத்தது முப்பட்டகம். தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்துவது இதன் வேலை. 1854ஆம் ஆண்டில் இத்தாலியரான போரோ காப்புரிமை பெற்ற அமைப்பு ஒருவகை. இதில் குழாய்கள் வளைந்து தோன்றும். மற்றொன்று கூரை முப்பட்டகம். குழாய்கள் நேராக, அழகாக இருக்கும். ஆனால் இதில் ஒளி இரு பாதியாகப் பிரிந்து மீண்டும் சேரும்போது கட்ட வேறுபாடு ஏற்பட்டு, நுண்ணிய விவரங்கள் மங்குகின்றன. இதைத் திருத்தும் பூச்சை 1988ஆம் ஆண்டில் ஸைஸ் நிறுவனம் கொண்டுவந்தது. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அப்பூச்சு இருப்பதில்லை. ஆகவே கையில் பணம் குறைவென்றால், அழகைப் பாராமல் போரோ வகையையே தேர்ந்தெடுங்கள்.

வில்லைப் பூச்சையும் கவனியுங்கள். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியை எதிரொளித்துவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் எஞ்சுவது 66 விழுக்காடுதான்! குழல்விளக்கின் கீழ் வில்லையைச் சாய்த்துப் பாருங்கள். எதிரொளிப்பு மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் பூச்சு உண்டு. பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் இல்லை. மாணிக்கம்போல் சிவந்து மின்னும் வில்லை கண்ணைக் கவரும். ஆனால் அது சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், காட்சியின் நிறம் மாறிவிடும்.

கண்ணுக்கு இதமாக இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றாமலே முழுக் காட்சியையும் காண, கண்ணருகு வில்லையிலிருந்து 15 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும். இரு குழாய்களும் இணையாக இராவிட்டால் தலைவலி வரும். தொலைவிலுள்ள மின்கம்பியையோ கூரை விளிம்பையோ பார்த்தபடி, கருவியைக் கண்ணிலிருந்து மெல்லச் சில சென்டிமீட்டர் விலக்குங்கள். இரு பக்கமும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் தெரிகிறதா? இல்லையென்றால் அக்கருவி வேண்டாம்.

நல்ல கருவியானாலும் அதன் வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்காதீர்கள், பார்வை பறிபோகும்.

அந்த மாணவிக்கு அன்று என் 8×25 கருவியைக் கொடுத்தேன். நீர்க்கடம்ப மரத்தில் கூடு கட்டிய கொக்கைக் கண்டதும் அதைத் திருப்பித் தர மனமில்லாமல் வைத்துக்கொண்டாள். மோசமான கருவியால் பணம் மட்டுமா வீணாகிறது? தன் கண்ணையே சந்தேகித்து ஒரு மாணவர் இயற்கையைக் காண்பதையே விட்டுவிடவும் கூடும். ஆகவே கடைக்குப் போகும்போது ஓர் அளவுகோலையும் எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் அச்சிட்டதை அளந்து பார்த்த பிறகே நம்புங்கள்.