உறையவைத்த பழம் யாருக்கு?

எல்ல நகரின் பிரதான வீதியில் ஸ்மூதி என்று எழுதிய பலகை இல்லாத உணவகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாம்பழம், பப்பாசி, வாழை, ஆனைக்கொய்யா, கொடித்தோடை என எல்லாம் பிளெண்டருக்குள் போய், யோகட்டோடு கலந்து, நீளக் கண்ணாடிக் குவளையில் வந்து நிற்கின்றன. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு வெயிலில் மேடேறி வருபவருக்கு அது இதமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் இதைச் சுற்றுலாக்காரர் பானம் என்று நாம் ஒதுக்கிவிட்டால் நட்டம் நமக்குத்தான். பருவத்துப் பழத்தை உறையவைத்து, வேண்டும்போது தயிரோடு சேர்த்துக் கொடுப்பது, அந்த வீதிக்கு மேலும் கீழும் கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் சின்னப் பிள்ளைகளுக்கே அதிகம் பொருந்துகிற உணவு. அதற்கு பிளெண்டர்கூடக் கட்டாயமில்லை. பெரிய உறைபெட்டி ஒன்று போதும். எல்ல உள்ளிட்ட ஊவா மாகாணத்தின் பிள்ளை மடுவங்களுக்கு, அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக் காப்பகங்களுக்கு, அப்படியொரு பெட்டி வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

2016 ஆம் ஆண்டின் தேசிய சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டத் துறையில் மட்டும் 32 சதவீதம். அதற்குப் பத்தாண்டுக்கு முன் அது 40 ஆக இருந்ததைப் பார்த்தால் முன்னேற்றம்தான். ஆனாலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடைவெளியை வைத்துக்கொண்டு ஆறுதல் அடைய முடியாது. பால் மாவும் திரிபோஷ சத்துமாவும் மடுவத்துக்கு வந்து சேர்கின்றன. பழம் அப்படி வருவதில்லை. இடைவேளைக்குச் சீனி போட்ட பிளேன்டீயும் ரெண்டு பிஸ்கட்டும் என்பதே தோட்டத்துப் பழக்கம். தேயிலையின் தனின், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. பழத்தின் வைட்டமின் சி அதற்கு உதவுகிறது. பிளேன்டீ இருந்த இடத்தில் பழமும் தயிரும் வந்தால், கெடுதலான ஒன்று விலகி, புரதமும் கல்சியமும் உள்ளே வரும்.

பழத்துக்கு ஊவாவில் பஞ்சமுமில்லை. மொனராகலைப் பக்கம் வாழையும் மாவும் பப்பாசியும், பிபிலையில் பேர்பெற்ற தோடம்பழம், பதுளை வீட்டுத் தோட்டங்களில் ஆனைக்கொய்யாவும் கொய்யாவும். பருவம் வந்தால் எல்லாம் ஒரே மூச்சில் குவிந்து விலை விழுகிறது. பருவம் முடிந்ததும் அதே பழம் கைக்கு எட்டாத விலைக்குப் போகிறது. இலங்கையில் விளையும் பழம், மரக்கறியில் 30 முதல் 40 சதவீதம் அறுவடைக்குப் பின் வீணாகிறது என்ற கணக்கு பல ஆண்டுகளாகவே சொல்லப்பட்டு வருகிறது. நன்றாகப் பழுத்ததைத் தோலுரித்து, துண்டாக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி, மைனஸ் 18 பாகையில் உறையவைத்துப் பைகளில் கட்டினால் பல மாதம் இருக்கும். உறைந்த பழத்தில் சத்துப் போய்விடும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். உண்மையில் கடையில் நாலைந்து நாள் கிடந்து வாடிய ‘புதுப்’ பழத்தைவிட, பழுத்த அன்றே உறையவைத்ததில் வைட்டமின் சி அதிகமாகவே இருக்கக்கூடும். மாறுவது அதன் பதம்தான். உள்ளே உருவாகும் பனித்துகள்கள் பழத்தின் கலச்சுவர்களை உடைத்துவிடுவதால், உருகும்போது குழைந்துவிடுகிறது. பல் முளைக்கிற பிள்ளைக்கு அந்தக் குழைவு நல்லதுதான். தயிரில் போட்டுக் கரண்டியால் மசித்தாலே போதும்.

எல்லவில் விற்கும் குவளையை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. கப் யோகட்டில் ஏற்கெனவே சீனி இருக்கிறது. அதன் மேல் சீனிப்பாகோ கித்துள் பாணியோ விட்டால் அது இனிப்புப் பண்டமாகிவிடும். கித்துள் பாணியும் உடலுக்குச் சீனிதான். போத்தலில் வரும் இனிப்புப் பானங்களுக்கு 2016 ஆகஸ்டிலிருந்து நிறக்குறி கட்டாயம். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. மேசைக்கு வரும் ஸ்மூதிக்கு எந்த நிறமும் கிடையாது, ‘ஹெல்தி’ என்ற சொல் மட்டும் உண்டு. இந்த இடத்தில் உறைந்த பழம் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்கிறது. கறுத்துப் பழுத்த கதலியை உறையவைத்துச் சேர்த்தால் சீனி தேவையில்லை. குளிர்ச்சி பழத்திலேயே இருப்பதால், எந்தத் தண்ணீரில் செய்ததென்று தெரியாத ஐஸ்கட்டியும் தேவையில்லை. இனிப்பில்லாத சட்டித் தயிர் பதுளையில் கிடைக்காத பொருளா என்ன!

மலைக்குளிரில் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று எந்தப் பாட்டியும் சொல்வார். சளியைக் கொண்டுவருவது வைரஸ், தயிரல்ல. இருந்தும் இதற்காகப் பாட்டிகளோடு சண்டைபோட வேண்டியதில்லை, பழத்தை முதல்நாள் இரவே எடுத்துவைத்து உருகவிட்டுக் கொடுத்தால் சரி. இதைவிடக் கனமான ஆட்சேபம் சத்துணவு வல்லுநர்களுடையது. கடித்துத் தின்னும் பழம் வேறு, அடித்துக் குடிக்கும் பழம் வேறு என்கிறார்கள். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை பழச்சாறும் ஸ்மூதியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிலீட்டரோடு நிறுத்தச் சொல்கிறது. சரியான பேச்சு. அதனால்தான் பிளெண்டரை நான் வற்புறுத்தவில்லை. சிறு கிண்ணத்தில் மசித்ததே போதும். முழுப்பழம் கிடைக்கிற மாதத்தில் முழுப்பழத்தையே கொடுக்கலாம்.

மின்சாரம் போனால் என்ன செய்வது? 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருட்டில் இருந்த நாடு இது. நிரம்பிய உறைபெட்டி, மூடியைத் திறக்காவிட்டால், ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும். பெரும் புயலில் அதையும் தாண்டி மின்சாரம் போகலாம், அப்போது பழம் கெடத்தான் செய்யும். அது எப்போதோ ஒருமுறை. இன்றைக்கோ ஒவ்வொரு பருவத்திலும் கெடுகிறது. மின்கட்டணத்துக்கு வழி எல்லவிலேயே இருக்கிறது: தோட்டத்துப் பெண்கள் குழுவாகப் பழம் வெட்டி உறையவைத்து, ஒரு பங்கை உணவகங்களுக்கு விற்கலாம். எனக்கு உண்மையில் கவலை தருவது தண்ணீர்தான். உறைநிலை கிருமியைக் கொல்லாது, தூங்கவைக்கும். 2015 இல் ஆஸ்திரேலியாவில் உறைந்த பெர்ரிப் பழங்களோடு தொடர்புபட்டு ஹெபடைடிஸ் ஏ பரவியது. ஆகவே கொதித்தாறிய நீரில் கழுவுவதும் கைசுத்தமும் இல்லாத மடுவத்தில் இதைத் தொடங்கவே கூடாது. முதலில் அங்கே குழாய் வரட்டும்.

சம்பளத்தைக் கூட்டினால் பழத்தைப் பெற்றோரே வாங்கிக்கொள்வார்களே என்பார்கள் சிலர். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. சம்பளம் இன்னும் உயர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தாய் காலையில் கொழுந்தெடுக்கப் போனால், மாலை வரை பிள்ளை மடுவத்தில். அங்கே அதன் வயிற்றுக்குள் போவதைத் தீர்மானிப்பது தோட்ட நிர்வாகமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும். உறைபெட்டி வைக்க, தொழிலாளர் வசிக்கும் லயத்து அறையில் இடமுமில்லை. மடுவத்தில் இருக்கிறது.