பெருவுடையார் விமானத்தின் நிழல்

எழுபத்தெட்டு வயது நிரம்பிய வாசகியார் ஒருவர் எழுதிய கடிதம் ஒரு மாத காலமாக என் மேசையின் மீதே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று அவர் தம் பேரனுக்குச் சொல்லி வந்திருக்கிறார். கல்லூரியில் பயிலும் அப்பிள்ளை அண்மையில் தஞ்சைக்குச் சென்றபோது, தரையில் கிடந்த நிழலைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து காட்டி, "பாட்டி, நீங்கள் சொன்ன மற்றவையும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டானாம். "அன்று முதல் அவனிடம் புராணம் சொல்ல நா எழவில்லை" என்று அவ்வம்மையார் எழுதியிருக்கிறார்.

அம்மா, நிழல் விழுகிறது. நானும் இளமையில் விழாது என்றே நம்பினேன். பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். மாலை நேரத்தில் தரிசனம் முடித்துத் திருச்சுற்றின் கிழக்குப் புறத்தில் எத்தனையோ முறை அமர்ந்து இளைப்பாறியிருக்கிறேன். மேலை வெயிலை மறைத்து எனக்கு நிழல் தந்தது அந்த விமானமே என்பது அப்போது தோன்றவில்லை. நிழலில் அமர்ந்துகொண்டே நிழல் இல்லை என்று சொன்னவன் நான்.

ஆயினும் இந்தப் பேச்சு வெறுங்காற்றில் பிறந்ததன்று. விமானத்தின் உயரம் இருநூறு அடிக்கு மேல். அடிப்பகுதி பக்கத்துக்கு நூறு அடி அளவில் அமைந்த சதுரம். மேலே செல்லச் செல்லக் குறுகிக்கொண்டே போகும் வடிவம். கதிரவன் உச்சிக்கு அருகில் நிற்கும் வேளையில், சிகரத்தின் நிழல் கீழே உள்ள தளங்களின் மீதே படிந்துவிடும், தரையை எட்டாது. கணக்கிட்டால், பங்குனி, சித்திரை தொடங்கி ஆவணி வரையிலான நண்பகல்களில் பெரும்பாலும் நிலை இதுதான். மார்கழி நண்பகலிலோ கதிரவன் தெற்கே வெகுவாகச் சாய்ந்திருப்பதால், சிகரத்தின் நிழல் விமானத்தின் நடுவிலிருந்து நூற்று முப்பது அடிக்குக் குறையாமல் வடக்கே நீளும். சண்டிகேசுவரர் சன்னிதி அமைந்துள்ள வடபுறத் தரையில் அதை எவரும் காணலாம்.

கதிரவன் இவ்வாறு இடம் மாறுவது ஏன்? திருக்கோயிலுக்குச் செல்லும் நமக்கு இதை விளக்கத் தனிப் படம் வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே தன்னைத்தான் சுற்றிக்கொள்ளும் ஆத்மப் பிரதட்சிணத்தை நாம் அறிவோம். பூமி அப்படித் தன்னைச் சுற்றுவதால், கதிரவனை நோக்கிய பக்கம் பகலாகிறது, மறுபக்கம் இரவாகிறது. மேற்கிலிருந்து கிழக்காக அது சுழல்வதால் கதிரவன் கிழக்கில் எழுந்து மேற்கில் மறைவதாக நமக்குத் தோன்றுகிறது. காலை நிழல் மேற்கேயும் மாலை நிழல் கிழக்கேயும் நீள்கிறது.

இனி, ஓர் அடியவர் ஆத்மப் பிரதட்சிணம் செய்துகொண்டே கருவறையையும் வலம் வருகிறார் என்று கொள்வோம். அவர் தலையை எப்போதும் வடதிசை நோக்கியே சற்றுச் சாய்த்திருக்கிறார். கருவறைக்குத் தெற்கே வரும்போது அவர் தலை இறைவனை நோக்கிச் சாய்ந்திருக்கும். வடக்கே போகும்போது அதே சாய்வு இறைவனை விட்டு விலகியிருக்கும். பூமியும் இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்த நிலையிலேயே கதிரவனை ஓராண்டில் ஒருமுறை சுற்றி வருகிறது. (வடதுருவத்துக்கு மேலிருந்து நோக்கினால் அது இடமாகச் சுற்றுகிறது, உவமை அந்த அளவில் பொருந்தாது.) வடபாதி கதிரவனை நோக்கிச் சாய்ந்திருக்கும் ஆனியில் நமக்குப் பகல் நீள்கிறது, விலகிச் சாயும் மார்கழியில் குறைகிறது.

தஞ்சையில் ஆனி மாதப் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மார்கழியில் பதினொன்றரை மணி நேரம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வேறுபாடு இவ்வளவே. காசி யாத்திரை சென்றவர்கள் நினைவுகூரலாம்: அங்கே கோடையில் பகல் பதின்மூன்றே முக்கால் மணியை நெருங்கும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரந்தான்.

ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 24, 25-ஐ ஒட்டியும் தஞ்சையில் நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். கடிகாரத்தில் பன்னிரண்டைக் கடந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்போது, நேராக நட்ட கோலுக்குச் சில கணங்கள் பக்க நிழலே இராது. சென்னைக்கு அந்த நாள் ஏப்ரல் 24-ஐ ஒட்டி வரும். காசி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே ஆண்டில் ஒருநாளும் இவ்வாறு நேர்வதில்லை.

இராசராசன் காலக் கல்வெட்டுகள் 1010-ஆம் ஆண்டில் விமானத்தின் உச்சிக்கு அளித்த செப்புக் குடத்தைச் சொல்கின்றன. விளக்கெரிக்க விட்ட ஆடுகளைச் சொல்கின்றன. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரையும் காத்து வைத்திருக்கின்றன. நிழல் விழாது என்ற பெருமையை அவை கூறவில்லை. கூறியிருக்கவும் மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஏனெனில், ஆலயம் எழுப்பும் பணியே நிழலில்தான் தொடங்குகிறது. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் சங்கு ஸ்தாபனத்தை விதிக்கின்றன. சமப்படுத்திய தரையில் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் சங்கு என்னும் முளையை நடுவார்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். நாளின் போக்கில் கதிரவன் சற்று இடம் பெயர்வதற்கான சிறு திருத்தத்தையும் நூல்கள் கூறுகின்றன. பெருந்தச்சனும் இம்முறையையே கைக்கொண்டிருப்பான்.

ஆகவே, அம்மா, பேரனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. வருகிற சித்திரையில் அந்த நாளன்று அவனை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று ஒரு கோலை நேராக நிறுத்தச் சொல்லுங்கள். தூக்குநூல் கட்டிச் சரிபார்ப்பது நல்லது. தங்கள் ஊர் தஞ்சைக்கு அருகிலேயே இருப்பதால் தேதி ஓரிரு நாள்தான் முன்பின்னாகும். காலில் செருப்பு இருக்கட்டும். அந்த வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டாம். நிழல் சுருங்கத் தொடங்கியதும் அவன் கூப்பிடுவான், அப்போது போனால் போதும்.